மாவில்லாத பீட்சா

ஒரு புழுகூட மேலே வரவில்லை. பத்து நிமிஷமாகக் குண்டானின் மேல் குனிந்து நிற்கிறேன். கொதித்து இறக்கிய தண்ணீர், ஒரு கரண்டி மஞ்சள் தூள், ஒரு பிடி கல்லுப்பு, அதில் மிதக்கிற காலிஃப்ளவர் துண்டுகள். காலையில் உறையூர்க் கடைத்தெருவில் வாங்கும்போது இலைக்கு அடியில் கறுப்பாக ஏதோ ஓடிய மாதிரி இருந்தது. ஒன்றாவது மிதந்து வரும் என்று பார்க்கிறேன். வந்தால் ஒரு திருப்தி, வராவிட்டால் உள்ளேயே கிடக்கிறதோ என்று ஒரு சந்தேகம். இப்போதுதான் உறைக்கிறது, அந்தப் பீட்சா செய்முறை வீடியோவில் இந்தக் கட்டமே கிடையாது. அந்தப் பெண் பூவை உடைத்தாள், காய்ந்த துணியால் துடைத்தாள், நேராக மிக்ஸியில் போட்டாள். ஈரம் இருந்தால் எல்லாம் போச்சு என்று இரண்டு முறை சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன், பிறகு எழுந்து வந்து ஒரு குண்டான் வெந்நீரில் பூவை முக்கிவிட்டேன். காலிஃப்ளவர் என்றால் மஞ்சள் தண்ணீர் என்பது கைக்குத் தெரிந்த சங்கதி, அது மூளையைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. அவள் ஊரில் புழு கிடையாது போலிருக்கிறது. இருபத்தாறு வருஷமாகப் பெண்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் உத்தியோகம், வருஷா வருஷம் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் செய்முறையை முழுக்கப் படித்துவிட்டுக் குழாயைத் தொடுங்கள் என்று கத்துகிற ஆள் நான். பூ நன்றாக மஞ்சள் குடித்துவிட்டது. துண்டுகளை அரித்து எடுத்து வடிதட்டில் போடுகிறேன். இன்றைக்குக் கல்லூரிக்கு லீவு. மணி மூன்று பத்து. நாலே முக்காலுக்கு அமுதினி வந்துவிடுவாள். அவள் என் தம்பியின் மகள், ஏழாம் வகுப்பு. திங்கள், புதன், வெள்ளி அவள் அப்பாவுக்கு டயாலிசிஸ், அம்மா கூடப் போய்விடுவாள், அதனால் அந்த நாட்களில் பள்ளிக்கூட வேன் அவளை என் வீட்டு வாசலில் இறக்கிவிடும். வீடியோவை அனுப்பியவளும் அவள்தான். அத்தை, மாவே இல்லாத பீட்சா, உங்க டயட்டுக்கு ஒண்ணும் ஆகாது, வெள்ளிக்கிழமை பண்றோம் என்று எழுதி, கீழே கைகூப்பிய படம் ஒன்று. நாளை சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் எனக்குச் சர்க்கரைப் பரிசோதனை. சர்க்கரை இறங்கியிருந்தால் என் இடது சிறுநீரகத்தை எடுத்துத் தம்பிக்கு வைப்பார்கள். இறங்காவிட்டால் எடுக்க மாட்டார்கள். விஷயம் இவ்வளவுதான், இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும்.

மிக்ஸியில் இரண்டு சுற்று, அதற்கு மேல் விட்டால் கூழாகிவிடும் என்றாள் வீடியோக்காரி. எனக்கு ஒரு சுற்றிலேயே பாதி கூழாகிவிட்டது, பாதி முழுசாக மேலே துள்ளிக்கொண்டிருக்கிறது. மூடியைத் திறந்து கிளறுகிறேன், மறுபடி ஒரு சுற்று, மறுபடி கிளறல். அவளுடையது வெள்ளை ரவை மாதிரி உதிர்ந்தது, என்னுடையது கேசரி. கேசரி என்ற சொல் நினைவில் வந்ததும் நாக்கு ஊறுகிறது, என்ன வெட்கம் கெட்ட நாக்கு. மூன்று மாதம் முன்பு ஆஸ்பத்திரி டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, மத்ததெல்லாம் பிரமாதம், சுகர் மட்டும் கோட்டு மேல நிக்குது, மூணு மாசம் வாயைக் கட்டுங்க, கொஞ்சம் இறங்கினாலே போதும் என்றார். அன்றைக்கே வீட்டில் அரிசி டப்பாவைத் தம்பி பெண்டாட்டி பிருந்தா எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அண்ணி, கண்ணுல இல்லாட்டி ஆசை வராது என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் இரத்த வகை சேரவில்லை, சேர்ந்திருந்தால் அந்த நிமிஷமே படுத்திருப்பாள், அவளுக்கு இருப்பது ஒரே புருஷன். எனக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வகை சேர்ந்துவிட்டது, ஆகவே நான்தான் என்று முடிவாகிவிட்டது. யார் முடிவு செய்தார்கள் என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். யாரும் செய்யவில்லை. ரிப்போர்ட் வந்தபோது கூடத்தில் நாலு பேர் இருந்தோம், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் எழுந்து போய் டீ போட்டேன். டீ வந்தபோது அது முடிந்த விஷயமாகிவிட்டிருந்தது. அதற்கப்புறம் தினம் ஒரு போன், அண்ணி என்ன சாப்பிட்டீங்க. சுண்டல், மோர், கீரை, முட்டை. ஆய்வகப் பதிவேடு மாதிரி ஒப்பிப்பேன். மிக்ஸி சூடாகி ஒரு நாற்றம் வருகிறது. நிறுத்துகிறேன்.

ஆவியில் எட்டு நிமிஷம். இட்லித் தட்டில் துணி போட்டுப் பரப்பி மூடி வைத்தேன். இட்லிச் சட்டிக்கு இப்போது வேறு வேலை கிடையாது, மூன்று மாதமாகச் சும்மா கிடந்தது. அடுப்பு நீலமாக எரிகிறது. முன்பு ஒரு நாள், ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை, ஜன்னல் இல்லாதது, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண், இருபத்தேழு இருபத்தெட்டு இருக்கும், கதவைச் சாத்திவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். தானம் கொடுக்க வருகிறவர்களைத் தனியாகக் கேட்பது அங்கே விதியாம். தமயந்தி மேடம், உங்களுக்கு இதுல முழுச் சம்மதமா, யாராவது வற்புறுத்தினாங்களா என்றாள். மேஜை மேல் பிளாஸ்டிக்கில் ஒரு சிறுநீரகம் இருந்தது, இரண்டாகத் திறந்து மூடுகிற மாதிரி. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை வேண்டாம்னு தோணினா எப்ப வேணாலும் சொல்லலாம் மேடம், மருத்துவ காரணம்னு மட்டும்தான் நாங்க வீட்ல சொல்வோம், வேற யாருக்கும் தெரியாது. நான் ம் என்றேன். அந்த ம் எதற்கு என்று அவளும் கேட்கவில்லை. சம்மதம் என்று எழுதிக்கொண்டாள். நல்ல பெண். அவளிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், கதவு சாத்தியிருந்தது, விஷயம் அந்த அறையைத் தாண்டியிருக்காது. ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு ஆளுக்குத் தெரிந்தாலும் அது நான் சொன்னதாகிவிடும். எட்டு நிமிஷம் ஆகிவிட்டது, மூடியைத் திறந்தால் கண்ணாடி முழுக்க ஆவி, வாயுத் தொல்லை மாதிரி ஒரு வாடை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறேன்.

பழைய பருத்தித் துப்பட்டாவில் கொட்டி ஆறவிட்டு, மூட்டையாக முறுக்கிப் பிழிகிறேன். முதல் பிழியில் மஞ்சளாக ஒரு தம்ளர். இது நான் பூவை முக்கிவைத்த தண்ணீர், கணக்கில் சேராது. இரண்டாவது பிழியில் இன்னொரு அரைத் தம்ளர். விரல் கணுவெல்லாம் வலிக்கிறது, ஆனால் முறுக்க முறுக்க வந்துகொண்டே இருக்கிறது, இந்தச் சின்னப் பூ இதை எங்கே வைத்திருந்தது. தம்பி நேசனுக்கு டயாலிசிஸில் ஒரு தடவைக்கு இரண்டரை லிட்டர் எடுப்பார்கள். நாலு மணி நேரம், இடது கையில் இரண்டு ஊசி. போகும்போது முகம் ஊதியிருக்கும், வரும்போது சட்டை தொளதொளவென்று இருக்கும், கன்னம் ஒட்டியிருக்கும். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம், அதில் மாத்திரைக்கு எடுப்பதும் சேர்த்தி. பள்ளியில் கணக்கு வாத்தியார், ஆகவே மடக்கு மடக்காகக் கணக்கு வைத்திருப்பான், ஒரு மடக்கு பதினெட்டு மில்லி அக்கா என்பான், சிரிப்பான். எப்போதும் சிரிப்பான், சின்ன வயசிலிருந்தே. விழுந்து முட்டி பெயர்ந்தாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் அழுவான். எனக்கும் அவனுக்கும் ஆறு வயசு வித்தியாசம். எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது, சொத்து கிடையாது, பேசாமல் இருந்த நாள் கிடையாது. நான் அவனைப் படிக்கவைத்துத் தேய்ந்துபோன அக்காவும் இல்லை, அவன் படிப்பை அப்பாவே பார்த்துக்கொண்டார். என்னைக் கட்டிக்கொடுக்கப் பார்த்தார்கள், இரண்டு மூன்று இடம் வந்தது, அமையவில்லை, அதற்கப்புறம் நானும் கவலைப்படவில்லை, அதற்கப்புறம் முப்பத்தெட்டு வயசில் ஒரு தடவை, சரி, அது ஒன்றும் இல்லை. மூன்றாவது பிழி. இப்போது சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. எனக்குப் பயம், அதுதான் விஷயம். கத்தி என்றால் பயம். விலாவுக்குக் கீழே சாண் நீளம் கீறுவார்களாம், இப்போது சின்ன ஓட்டை போட்டே எடுத்துவிடுகிறார்களாம், எப்படி எடுத்தாலும் எடுப்பது எடுப்பதுதானே. மயக்கம் கொடுத்த பிறகு திரும்பி வராதவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன், தேடித் தேடிப் படித்தேன். ஆனால் பித்தப்பைக் கல்லுக்கு ஐந்து வருஷம் முன்னால் மயக்கம் கொடுத்துத்தான் எடுத்தார்கள், அதற்கு முதல் நாள் சாயந்தரம் நான் சந்தைக்குப் போய்க் கீரை வாங்கினேன், நன்றாக நினைவிருக்கிறது. அப்போது பயமில்லை. இப்போது பயம். ஐம்பதை நெருங்கினால் பயம் வரும், அது இயற்கை. துப்பட்டாவைப் பிரிக்கிறேன். ஒரு பெரிய பூ முழுவதும் ஒரு கைப்பிடி உருண்டையாகிவிட்டது.

ஒரு முட்டை, சீஸ், உப்பு, மிளகு. முட்டைதான் பிடித்து நிறுத்தும் என்றாள் வீடியோவில். குளிர்பெட்டியைத் திறந்து முட்டையைக் கையில் எடுத்துவிட்டேன், எடுத்த கை அப்படியே நிற்கிறது. வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டை கிடையாது, கறி மீன் பேச்சே கிடையாது. பிருந்தா அதிலெல்லாம் கெட்டி, பெண்ணையும் அப்படித்தான் வளர்க்கிறாள், பள்ளிக்கூட கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் விடுவாள். மூன்று நாளாக வெள்ளிக்கிழமை பீட்சா வெள்ளிக்கிழமை பீட்சா என்று பேசியிருக்கிறோம், முட்டை போட்டதைத் தலையாட்டிக்கொண்டு பார்த்திருக்கிறோம், நான், பிருந்தா, அமுதினி, மூன்று பெண்பிள்ளைகளில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. நான் பக்திமான் இல்லை. கோயிலுக்குக் கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் போகிற ரகம். இருந்தும் அந்த முட்டையைத் தட்ட முடியவில்லை. கூடப் பிறந்தவனுக்குக் கொடுக்க மனசில்லாதவள் வெள்ளிக்கிழமை முட்டைக்குப் பயப்படுகிறாள், நல்ல வேடிக்கை. கொடுக்க மனசில்லாதவள். இதை இப்போதுதான் முழுச் சொல்லாக நினைக்கிறேன். முட்டையைத் திரும்ப வைத்துக் கதவைச் சாத்துகிறேன். இனி எது பிடித்து நிறுத்தும்? மேல் தட்டில் கடலை மாவு டப்பா, அதற்குப் பக்கத்தில் பிருந்தா கண்ணில் படாமல் தப்பித்த மைதா அரைப் பொட்டலம். மைதா இரண்டு கரண்டி போட்டால் கல் மாதிரி நிற்கும். யாருக்கும் தெரியாது. கடலை மாவை எடுக்கிறேன். யாருக்காக இந்த நாணயம்? கல்லூரிக்கு எதிரே பேருந்து நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்கரி இருக்கிறது, அங்கே மதியம் பன்னிரண்டரை மணிக்குத் தேங்காய் பன் சூடாக வரும். டாக்டர் வாயைக் கட்டச் சொன்ன மறு வாரமே அங்கே போனேன். ஒரு தேங்காய் பன், சர்க்கரை கூட்டி ஒரு டீ. பன்னைப் பிய்த்தால் உள்ளே சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டி, தேங்காய்த் துருவல், பாகு. எனக்கு அது அவ்வளவு பிடிக்கும் என்று சொல்ல முடியாது. முன்பெல்லாம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சாப்பிட்டிருப்பேன். இந்த மூன்று மாதமாக வாரத்தில் மூன்று நாள், நாலு நாள், மாத்திரை மாதிரி. சாப்பிட்டு முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குத் திரும்புவேன். அண்ணி என்ன சாப்பிட்டீங்க. சுண்டல். நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, சர்க்கரை சொல்லிக்கொள்ளும். தாளில் எண்ணாக வரும், அதன் மேல் டாக்டர் ஒரு வட்டம் போடுவார், எல்லோரும் ஐயோ பாவம் இவளும்தான் என்ன செய்வாள் என்பார்கள், நானும் கூடச் சேர்ந்து அழுவேன். அழுகை நிஜமாகவே வரும் என்று நினைக்கிறேன். கடலை மாவு மூன்று கரண்டி, சீஸ் துருவல், மிளகு. பிசைந்தால் கையோடு வருகிறதே தவிர ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

தகடு மேல் எண்ணெய்த் தாள், அதன் மேல் உருண்டை, விரலால் அழுத்தி அழுத்தி வட்டமாக்குகிறேன். ஓரம் விண்டு விண்டு போகிறது, சேர்த்துத் தட்டுகிறேன், வேறொரு பக்கம் விள்ளுகிறது. அடை தட்டுகிற மாதிரிதான், ஆனால் அடைக்குச் சொன்னால் கேட்கிற குணம் உண்டு. ஓவனுக்குள் தள்ளி இருநூறு டிகிரி, இருபத்தைந்து நிமிஷம். உள்ளே விளக்கு ஆரஞ்சாக எரிகிறது. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்காருகிறேன். எதற்குமே முன்னால் உட்கார்ந்து பார்ப்பது என் உத்தியோகம், நிறம் மாறுகிறதா, படிவு இறங்குகிறதா. தராசு ஆடி நிற்கிறதா. ஆய்வகத் தராசுகளைச் சரிபார்க்க வருஷத்துக்கு இரண்டு முறை செல்வின் வருவார். சின்னச் சின்ன எடைக்கற்களை இடுக்கியால் எடுத்து வைப்பார், கையால் தொட்டால் விரல் எண்ணெய் எடையில் சேரும் என்பார். மனைவி இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரு மார்ச் மாதம், பிள்ளைகள் எல்லாம் தேர்வுக்குப் போன பிறகு, தராசின் கண்ணாடிப் பெட்டிக் கதவைச் சாத்திவிட்டு, நாம ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கலாமான்னு யோசிச்சேன், நீங்களும் யோசிங்க என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் மூன்று நாள் யோசித்தேன், மூன்று நாளும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, நேசன் வீட்டில் சாப்பாடு. அவனிடம்தான் முதலில் சொன்னேன், வேறு யாரிடம் சொல்வேன். அவன் கையில் ரசம் பிசைந்த சோறு. சிரித்தான். இந்த வயசுலயாக்கா என்றான், இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டான். கெட்ட சிரிப்பு இல்லை அது, அவன் எல்லாவற்றுக்கும் சிரிக்கிற சிரிப்புதான். சும்மா சொன்னேன்டா என்று நானும் சிரித்தேன். செல்வினிடம் சரிவராது என்று சொல்லிவிட்டேன், இப்போது தராசுக்கு வேறு ஆள் வருகிறார். நேசன் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்து அப்புறம் செல்வினைக் கட்டிக்கொண்டிருப்பேன். சிரிப்போடு எப்படிச் சண்டை போடுவது. அவனுக்கு அது மறுநாளே மறந்திருக்கும். எனக்கும் மறந்துவிட்டது, பதினோரு வருஷத்தில் ஐந்தாறு தடவை நினைத்திருப்பேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு சிரிப்புக்கு ஒரு சிறுநீரகமா, நினைக்கவே கேவலமாக இருக்கிறது. எனக்குப் பயம், அதுதான். வட்டத்தின் ஓரம் பழுப்பாகிக்கொண்டு வருகிறது, நடுவில் இன்னும் ஈரம் மினுங்குகிறது.

போன் அடிக்கிறது. நேசன். “அக்கா, என்ன பண்ணிட்டிருக்கே?” என்கிறான். பின்னால் இயந்திரம் உறுமுகிற சத்தம். “பீட்சா. வேகுது. எவ்வளவு எடுக்கிறாங்க இன்னைக்கு?” “ரெண்டரை. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. பிருந்தா டீ குடிக்கப் போயிருக்கா.” அவள் இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறான் என்று தெரிகிறது. “அக்கா, இன்னைக்கு ராத்திரி நல்லாச் சாப்பிடு” என்கிறான். “எட்டு மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கடா.” “அதுக்கு முன்னாடி சாப்பிடு. சோறு சாப்பிடு. ஏதாவது ஸ்வீட் வாங்கிச் சாப்பிடு.” “என்னடா உளர்றே?” “உன்னைப் பார்த்தேன்க்கா. உங்க காலேஜுக்கு எதுத்தாப்ல, அந்த பேக்கரில. பன்னைப் பிச்சுப் பிச்சு டீல தொட்டுச் சாப்பிட்டுட்டிருந்தே. டயாலிசிஸுக்கு இங்க வர்ற வழியில எங்க ஆட்டோ சிக்னல்ல நின்னுச்சு.” முக்காலியிலிருந்து எழுந்துவிட்டேன், ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. “எப்ப?” “ஆகிப்போச்சு, ரெண்டு மாசம். அப்புறம் ரெண்டு மூணு தடவை நானே அந்த வழியாப் போகச் சொல்லிப் பார்த்தேன். இருந்தே.” “பிருந்தாவுக்குத் தெரியுமா?” “அவ கண்ணை மூடிட்டு சாஞ்சுட்டு வருவா, களைப்புல. யாருக்கும் தெரியாது.” “ஏன்டா நேசா எங்கிட்ட சொல்லல?” “சொன்னா நீ நிறுத்திடுவியேக்கா.” இயந்திரம் ஒரு முறை கீச்சிடுகிறது, யாரோ வந்து எதையோ அழுத்துகிறார்கள், சத்தம் நிற்கிறது. நிறுத்தியிருப்பேன். வெட்கத்திலேயே நிறுத்தியிருப்பேன், நிறுத்தி, சர்க்கரை இறங்கி, போய்ப் படுத்திருப்பேன். அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு மாதமாக ஆட்டோவில் உட்கார்ந்து, ஊதிப்போன முகத்தோடு, நான் பன் சாப்பிடுகிறேனா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறான், சாப்பிட்டால் நிம்மதியாக. “நேசா, எனக்குத் தர இஷ்டமில்லடா” என்கிறேன். குரல் சாதாரணமாகத்தான் வருகிறது. “ம்” என்கிறான். “பயமா இருக்கு.” “இருக்காதா பின்ன.” “பயம்தான். வேற ஒண்ணுமில்ல.” “வேற என்ன இருக்கப்போகுது நமக்குள்ள” என்று சிரிக்கிறான். அதே சிரிப்பு. “நாளைக்கு நீ டெஸ்டுக்குப் போக வேண்டாம். சுகர் ஏறிடுச்சுன்னு பிருந்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். இறந்தவங்க கிட்னிக்கு லிஸ்ட்ல பேர் குடுத்திருக்கோம்ல, அது எப்பவாவது வரும்.” “பொய் சொல்லாதடா அவகிட்ட.” “அப்ப நீயே சொல்லிக்க. அந்தா வர்றா, வைக்கிறேன்” என்று வைத்துவிட்டான். ஓவன் மணி அடித்து ஓய்ந்திருக்கிறது, எப்போது அடித்தது என்று நான் கவனிக்கவில்லை. தக்காளிச் சாந்து, குடைமிளகாய், மிச்ச சீஸ், எல்லாவற்றையும் மேலே பரப்பி மறுபடி உள்ளே தள்ளுகிறேன். அழவில்லை, அழுதிருக்கலாம்.

அமுதினி காலணியைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசல் வரை வந்துவிட்டாள். பையை இறக்கினாள், முகத்தைக் கழுவு என்றேன், விரல் நுனியை நனைத்து வந்தாள். பீட்சா தாளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, தோசைக்கரண்டியைக் கொடுத்து நெம்பியதில் ஏழெட்டுத் துண்டாகக் கையில் வந்தது. துண்டு என்றுகூடச் சொல்ல முடியாது, உப்புமா. ஆளுக்கொரு தட்டில் போட்டு ஸ்பூன் வைக்கிறேன். “அத்தை, ஏன் மஞ்சளா இருக்கு?” “புழு போறதுக்கு மஞ்சத் தண்ணில போட்டேன்.” “பீட்சாவுக்கா?” என்று வாய் பொத்திச் சிரிக்கிறாள். “முட்டை போட்டீங்களா? இன்னைக்கு வெள்ளி.” “போடல. அதான் இந்த லட்சணம்.” ஊதி ஊதிச் சாப்பிடுகிறாள், நல்லா இருக்கு என்கிறாள், பிறகு யோசித்து, காலிஃப்ளவர் மாதிரி இருக்கு என்கிறாள். பசி, எதைக் கொடுத்தாலும் இறங்கும். அவள் நெற்றி அவள் அம்மா மாதிரி, சாப்பிடும்போது தலையைச் சாய்ப்பது நேசன் மாதிரி. “நாளைக்கு டெஸ்ட்ல பாஸ் ஆயிருவீங்கல்ல அத்தை?” “டெஸ்டுக்கு நான் போகல.” “ஏன், சுகர் ஏறிடுச்சா?” ஆமாம் என்று ஒரு சொல். அந்தச் சொல்லுக்காகத்தானே மூன்று மாதம் பன் தின்றேன். இவளே எடுத்துக் கையில் கொடுக்கிறாள். “தெரியாது. ஏறியிருக்கலாம், ஏறாமலும் இருக்கலாம். நான்தான் தரமாட்டேன்னு உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன்.” ஸ்பூன் தட்டில் நிற்கிறது. வாயில் இருப்பதை மெல்ல மென்று விழுங்குகிறாள். “அப்பா என்ன சொன்னாங்க?” “சரின்னாங்க.” “அழுதாங்களா?” “இல்ல. சிரிச்சாங்க.” “ஏன் தரமாட்டீங்க?” “பயமா இருக்கு அமு. ஆபரேஷன்னா எனக்குப் பயம்.” கணக்கு வாத்தியார் மகள், அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் எங்கோ வைத்துப் பார்க்கிறாள். கோபமாக இருக்கிறாளா என்று பார்க்கிறேன், கோபம் இல்லை, கண்ணில் தண்ணீர் வரப்போகிறது, வரவில்லை. “எனக்குக் கெட்டுப்போனா?” என்கிறாள். “என்னது?” “என்னோட கிட்னி. எனக்குன்னா தருவீங்களா?” “தருவேன்” என்கிறேன். அவள் கேட்டு முடிப்பதற்குள் அது வாயிலிருந்து வந்துவிட்டது, எங்கேயும் நிற்காமல், எதிலும் இடறாமல். “அப்ப அது பயம் இல்ல அத்தை” என்கிறாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பின்னே எது என்று நான் சொல்லட்டுமெனக் காத்திருக்கிறாள்.